சின்னக் கிண்ணம், பெரிய சங்கதி: ஜப்பானியக் காய்கறித் தொடுகறிகள் பற்றி இதெல்லாம் தெரியுமா?

பையை மூடவும் செருப்பு வாரை இறுக்கவும் ‘பர்ர்ர்’ என்று பிரித்து ஒட்டுகிறோமே, வெல்க்ரோ பட்டை! அதற்கு யோசனை கொடுத்த செடியின் வேரைச் சீவி, எண்ணெயில் வதக்கி, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் ஒரு நாடு இருக்கிறது, தெரியுமா? சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் 1941இல் நாயோடு மலைப்பக்கம் போய்த் திரும்பினார். அவர் கால்சட்டையிலும் நாயின் மயிரிலும் முள்காய்கள் அப்பிக்கொண்டு வந்திருந்தன. பிய்த்து எறியாமல் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் ஒரு குட்டிக் கொக்கி! அந்தக் கொக்கியைப் பார்த்துத்தான் வெல்க்ரோ பிறந்தது. அந்தக் காயைத் தந்தது பர்டாக் செடி. ஐரோப்பாவில் அது பெரும்பாலும் வழியோரக் களை. ஜப்பானிலோ அதன் வேருக்கு ‘கோபோ’ என்று பெயர், காய்கறிக் கடையில் கட்டுக்கட்டாக நிற்கும்!

விரல் தடிமனில் முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் என்று நீளும் வேர் அது. மண் ஒட்டியபடியே விற்பார்கள். தோலை உரிக்கவே மாட்டார்கள், ஏனென்றால் வாசனை முழுக்கத் தோலை ஒட்டித்தான் இருக்கிறது. கத்தியின் முதுகால் மேலாக வழித்துவிட்டு, ஒரு கையால் வேரை உருட்டிக்கொண்டே மறு கையால் பென்சில் சீவுவதுபோல் சீவுவார்கள். சீவல்கள் நேராகத் தண்ணீரில் விழ வேண்டும், காற்று பட்டால் கறுத்துவிடும். பிறகு கேரட் சீவலோடு சேர்த்து, வறுத்த எள்ளில் பிழிந்த எண்ணெயில் பெருந்தீயில் வதக்கி, சோயா சாஸ், சர்க்கரை, கிள்ளிய மிளகாய் வற்றல். ஐந்தே நிமிடத்தில் ‘கின்பிரா’ தயார்! வேர் கிடைக்காவிட்டால் கவலையே வேண்டாம். முள்ளங்கித் தோல், கேரட், தாமரைக்கிழங்கு, உருளைக்கிழங்கு என்று எதிலும் ஜப்பானிய வீடுகளில் கின்பிரா செய்கிறார்கள். மென்றால் நறுக்கென்று இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

ஒரு சோறு, ஒரு சூப், மூன்று தொடுகறி என்பது அங்கே பழைய சாப்பாட்டு ஒழுங்கு. அந்த மூன்றில் இரண்டு பெரும்பாலும் காய்கறியாகவோ கீரையாகவோ இருக்கும். ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கும் கிண்ணத்தில் நான்கு வாய் அளவுதான். இந்தச் சாப்பாட்டு மரபை 2013இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்கள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது!

தாளிப்பு இல்லை, தேங்காய் இல்லை, மசாலா இல்லை. அப்படியானால் ருசி எங்கிருந்து வருகிறது? இங்கேதான் உண்மையான அதிசயம் ஆரம்பிக்கிறது.

ருசியின் ஊற்று, ‘டாஷி’ என்கிற ஒரு சாறு. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் ‘கொன்பு’, அதாவது காய்ந்த கடற்பாசிப் பட்டை. இரவே ஊறப் போட்டுவிட்டால் காலையில் சாறு தயார், அடுப்பே வேண்டாம்! சுடவைப்பதாக இருந்தால் தண்ணீர் கொதிக்கும் முன் பட்டையை எடுத்துவிட வேண்டும். கொதித்தால் வழுவழுப்பும் கடல் நெடியும் இறங்கிவிடும். பட்டையின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, பூசணம் என்று கழுவிவிடாதீர்கள்! அது மானிட்டால் என்னும் இயற்கை இனிப்பு. ஈரத் துணியால் தூசியை ஒற்றி எடுத்தால் போதும்.

டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் இகேடா கிகுனே இந்தச் சாற்றின் ருசிக்குக் காரணம் தேடிப் புறப்பட்டார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இந்த நான்கில் எதுவுமே இல்லையே இது! 12 கிலோ காய்ந்த கடற்பாசியைக் காய்ச்சி, வடித்து, பிரித்து, கடைசியில் கையில் கிடைத்தது சுமார் 30 கிராம் குளூட்டாமிக் அமிலம். 1908இல் அந்த ருசிக்கு ‘உமாமி’ என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே அந்த ருசியைத் தரும் பொடியாக அஜினோமோட்டோ கடைக்கு வந்துவிட்டது! நாக்கில் இதற்கென்றே தனி ஏற்பி இருக்கிறது என்று விஞ்ஞானிகள் கண்டறிந்தது எப்போது? 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில். ஜப்பானியச் சமையலறைக்குப் பல நூறு ஆண்டு முன்பே தெரிந்த விஷயம் அது.

இன்னும் கேளுங்கள். இகேடாவின் மாணவர் கொடாமா ஷிண்டாரோ 1913இல் ‘கட்சுவோபுஷி’ என்னும் கருவாட்டில் இன்னோர் உமாமிப் பொருளைக் கண்டுபிடித்தார். குனினாகா அகிரா 1957இல் உலர்ந்த ஷீடேக் காளானில் மூன்றாவதைப் பிடித்தார். கடற்பாசிச் சாறும் கருவாட்டுச் சாறும், அல்லது கடற்பாசிச் சாறும் காளான் சாறும் ஒன்று சேர்ந்தால் ருசி இரண்டு மடங்கு ஆவதில்லை, நாக்குக்கு ஏழெட்டு மடங்காகத் தெரிகிறது! ஒரு பிடிக் கீரைக்கு மசாலாவே வேண்டாம் என்று அவர்கள் தைரியமாக விட்டதன் ரகசியம் இந்தப் பெருக்கல் கணக்குதான்.

அந்தக் கருவாடு என்ன மீன் தெரியுமா? சூரை! யாழ்ப்பாணத்துச் சம்பலில் இடித்துப் போடும் மாசிக் கருவாடும் அதே சூரை மீன்தான். இரண்டையும் முதலில் அவிக்கிறார்கள், புகையில் வாட்டுகிறார்கள், காயவைக்கிறார்கள். ஜப்பானியர்கள் அதோடு விடாமல், நல்ல பூசணத்தை மேலே வளரவிட்டு, வெயிலில் வைத்து, மறுபடி பூசணம் ஏற்றி, மாதக்கணக்கில் பக்குவப்படுத்துகிறார்கள். கடைசியில் அது தட்டினால் ‘டொக் டொக்’ என்று கட்டை மாதிரி ஒலிக்கும். தச்சன் இழைப்புளியைக் கவிழ்த்து வைத்த ஒரு பெட்டியில் தேய்த்துத்தான் சீவ முடியும்! சூடான காய் மேல் அந்தச் சீவலைத் தூவினால் ஆவி பட்டு நெளிந்து நெளிந்து ஆடும்.

மீன் சேர்க்காதவர்கள் என்ன செய்வது? அதற்கும் ஜப்பானிலேயே விடை இருக்கிறது. புத்த மடங்களின் சைவச் சமையலில் டாஷி என்றால் கடற்பாசியும் உலர்காளானும் மட்டும்தான். காளானைக் குளிர்ந்த தண்ணீரில், முடிந்தால் பிரிட்ஜில், இரவு முழுக்க மெதுவாக ஊற விடுங்கள். அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றினால் ருசி பாதிதான் வரும்.

மடத்துச் சமையல் என்றதும் டோகென் என்ற ஜப்பானியத் துறவியைச் சொல்லாமல் போக முடியாது. 1223இல் சீனாவுக்குக் கப்பலேறிப் போன அவர் துறைமுகத்தில் கப்பலிலேயே தங்கியிருந்தபோது, அறுபது வயது தாண்டிய ஒரு துறவி வெகுதூரம் நடந்து வந்தார். மடத்துச் சமையல்காரர் அவர். ஜப்பானியக் கப்பலில் காளான் கிடைக்கும், நாளைக்குத் துறவிகளுக்குச் சமைக்க வேண்டும் என்று வாங்க வந்திருந்தார். இன்று இரவு தங்கிப் பேசலாமே என்று டோகென் கேட்டும், சமையலைப் பிறர் கையில் விட மாட்டேன் என்று கிளம்பிவிட்டார்! அந்தச் சந்திப்பு டோகெனை உலுக்கிவிட்டது. 1237இல் மடத்துச் சமையல்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். ஒற்றைக் கீரைத் தண்டையும் பெரும் விருந்துப் பொருளுக்குரிய மரியாதையோடு கையாளச் சொல்லும் நூல் அது. ஏறத்தாழ 800 ஆண்டுகளாக அதைப் படித்துவிட்டு அடுப்பு மூட்டுகிறார்கள்!

இப்போது கீரைக்கு வருவோம். ‘ஓஹிடாஷி’ செய்து பாருங்கள், இவ்வளவு எளிதா என்று வாய் பிளப்பீர்கள். ஒரு கட்டுப் பாலக்கை வேர்ப்பக்கம் கட்டு கலையாமல் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் முதலில் தண்டை மட்டும் அரை நிமிடம் நிறுத்துங்கள். பிறகு இலையையும் அழுத்துங்கள், இன்னொரு அரை நிமிடம். உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றுங்கள். பச்சை அப்படியே நிற்கும், நாக்கைப் பிடிக்கும் ஆக்சாலிக் அமிலத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். கட்டை நீளவாக்கில் பிடித்து வேரிலிருந்து நுனி வரை பிழிந்து, இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டி, கால் லிட்டருக்கும் குறைவான டாஷியில் ஒரு ஸ்பூன் சோயா சாஸ் கலந்து அதில் ஊற வையுங்கள். அவ்வளவுதான். ஆறியபின் சாப்பிட வேண்டிய பண்டம் இது, சூடாக இருந்தால் கீரையின் இனிப்பே தெரியாது.

அதே கீரையில் வறுத்த எள்ளைப் பொடித்துக் கலந்தால் ‘கோமா ஆஎ’. பீன்ஸிலும் பிரமாதமாக வரும். எள்ளைப் பொடிக்கும் ‘சுரிபாச்சி’ மண்சட்டியின் உள்பக்கம் முழுக்கச் சீப்பால் இழுத்த வரிகள் இருக்கும், எள் அதில் சிக்கி அரைபடும். மிக்சியில் விட்டால் எண்ணெய் கக்கிச் சாந்தாகிவிடும், சட்டியில் தேய்த்தால் பாதி பொடி, பாதி குருணை. வாசனை வீட்டைத் தூக்கும்! இவ்வளவு எள் தின்னும் ஜப்பானில் விளையும் எள் எவ்வளவு தெரியுமா? தேவையில் 1 சதவீதம்கூட இல்லை. மீதி எல்லாம் கப்பலில் வருகிறது.

கொன்பு கதையும் அப்படித்தான். அது வளர்வது வடகோடி ஹொக்கைடோவின் குளிர்க்கடலில். தென்கோடி ஒகினாவா கடலில் ஒரு பட்டைகூட முளைக்காது. ஆனால் கடற்பாசியை நூல் நூலாக அரிந்து வதக்கும் தொடுகறி ஒகினாவாவின் பாரம்பரிய உணவு! டோக்கியோ எடோ என்று அழைக்கப்பட்ட காலத்தில் பாய்மரக் கப்பல்கள் ஒசாகாவுக்குக் கொண்டுவந்த சரக்கு, அங்கிருந்து தெற்கே இறங்கிச் சீனா வரை வியாபாரமான வழியில் ஒட்டிக்கொண்ட ருசி அது.

வேகவைத்த காய்களுக்குள் ஒளிந்திருக்கும் அறிவியல் இன்னும் பெரிது. ‘சா, ஷி, சு, செ, சோ’ என்று ஜப்பானியப் பிள்ளைகள் அரிச்சுவடி வரிசையிலேயே சமையல் பாடம் படிக்கிறார்கள். முதலில் சர்க்கரை, அடுத்து உப்பு, பிறகு வினிகர், பிறகு சோயா சாஸ், கடைசியில் புளிக்கவைத்த சோயா விழுதான மீசோ. இந்த வரிசையை மாற்றக் கூடாது! சர்க்கரையின் மூலக்கூறு எடை 342, உப்புக்கு 58. பெரிய ஆள் மெதுவாகத்தான் உள்ளே போவார், அவருக்கு முதலில் வழிவிட வேண்டும். உப்பு முந்திக்கொண்டால் காய் இறுகி, பிறகு இனிப்பு சரியாக ஏறாது. சோயாவும் மீசோவும் வாசனைக்காக, அதனால் கடைசி.

முள்ளங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக வெட்டி, தோலைத் தாராளமாகத் தடிமனாக எடுக்கிறார்கள், அடியில் நார் வளையம் இருப்பதால். சீவிய தோல்தான் அடுத்த நாள் கின்பிரா! வட்டத்தின் கூரான விளிம்பை மழுக்குகிறார்கள், இல்லையென்றால் துண்டுகள் ஒன்றோடொன்று இடித்து உடைந்து சாறு கலங்கும். அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாமல், சிலுவைபோல் ஒரு கீறல் போடுகிறார்கள், உள்வரை வேக. முதல் வேக்காடு எதில் தெரியுமா? அரிசி கழுநீரில்! அந்தக் கஞ்சித்தன்மை முள்ளங்கியின் காரத்தையும் கசப்பையும் இழுத்துக்கொள்கிறது, காய் பளிச்சென்று வெளுக்கிறது. அதன்பின் டாஷியில் மெல்லிய தீ. மூடி, பாத்திரத்தின் வாயை மூடாது. பாத்திரத்தைவிடச் சின்ன மரமூடி, நேராகக் காயின் மேலேயே உட்காரும். கொஞ்சமாக இருக்கும் சாறு கொதித்து எழுந்து மூடியில் முட்டி, காயின் தலை வழியே மறுபடி இறங்கும். அதனால் கிளறவே வேண்டாம்! மரமூடி இல்லாதவர்கள் நடுவில் ஓட்டை போட்ட பேக்கிங் தாளை வட்டமாக வெட்டி வைக்கலாம். அடுப்பை அணைத்த பிறகு உடனே பரிமாறாதீர்கள். காய் ஆறும்போதுதான் சாறு உள்ளே ஏறும். சேப்பங்கிழங்கையும் இதே முறையில் செய்கிறார்கள். நாம் வறுக்கும் அதே சேப்பங்கிழங்குதான், அங்கே ‘சடோஇமோ’.

முள்ளங்கியில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. எரிமலைச் சாம்பல் மண்ணில் விளையும் சகுராஜிமா முள்ளங்கி ஒன்று 2003இல் 31.1 கிலோ எடை காட்டியது! ஒல்லிப்பிச்சான் மொரிகுச்சி முள்ளங்கியோ ஒரு மீட்டரைத் தாண்டி நீளும், கனம் மட்டும் கட்டைவிரல் அளவுதான். யமகட்டா பகுதியில் செவ்வந்திப் பூவின் ஊதா இதழ்களை வினிகர் விட்ட தண்ணீரில் முக்கி எடுத்துத் தொடுகறி ஆக்குகிறார்கள். பரங்கிக்காய் கோடையில் அறுவடை, ஆனால் ஆண்டின் மிக நீண்ட இரவான டிசம்பர் நாளில் சாப்பிடுவது வழக்கம். அதற்குள் மாவுச்சத்து மெல்ல மெல்லச் சர்க்கரையாகி இனிப்பு ஏறியிருக்கும்.

சேனைக்கிழங்கின் சித்தப்பா பிள்ளை ஒன்று ஜப்பானில் இருக்கிறது, தெரியுமா? ‘கொன்னியாகு’. இரண்டும் ஒரே தாவரப் பேரினம், சேனையின் அரிப்பும் அதற்கு உண்டு. இரண்டு மூன்று ஆண்டு, குளிர்காலத்துக்கு முன் தோண்டி எடுத்துப் பாதுகாத்து, வசந்தத்தில் மறுபடி நட்டு வளர்க்க வேண்டும். பெரும்பகுதி கும்மா மாகாணத்தில் விளைகிறது. கிழங்கை மாவாக்கி, தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு நீர் விட்டால், ஆட்டினால் அதிரும் சாம்பல் நிறக் கட்டியாக இறுகுகிறது. அதில் 97 சதவீதம் வெறும் தண்ணீர்! கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துப் போடுகிறார்கள், கரடுமுரடான பக்கத்தில் சாறு பிடிக்கும் என்பதால். முதலில் ஒரு கொதி, பிறகு எண்ணெயில்லாத சூடான வாணலி. அப்போது கேளுங்கள், ‘கீச் கீச்’ என்று சத்தம் போடும். சத்தம் அடங்கி மேற்பரப்பு காய்ந்ததும் சோயா, சர்க்கரை, மிளகாய்.

இந்தச் சாது உணவுக்கு ஒரு சோகமான பக்கமும் உண்டு. இரண்டாம் உலகப்போரின் கடைசியில், 1944-45இல், ஜப்பான் சுமார் 9,000 காகிதப் பலூன்களில் குண்டு கட்டிப் பசிபிக் பெருங்கடலைத் தாண்டி அமெரிக்காவுக்குப் பறக்கவிட்டது. காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டிய பசை, இந்தக் கிழங்கு மாவு! ஒட்டியவர்களில் பலர் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள். 1945 மே மாதம் ஓரிகன் மாநிலத்துக் காட்டில் விழுந்து கிடந்த பலூன் குண்டு வெடித்து ஒரு கர்ப்பிணியும் ஐந்து பிள்ளைகளும் உயிரிழந்தார்கள்.

அடுத்தது தவிடு. எடோ நகரத்தில், அதாவது பழைய டோக்கியோவில், தீட்டிய வெள்ளை அரிசி பரவியபோது ஒரு விசித்திர நோயும் பரவியது. கால் வீங்கி, மரத்து, இதயம் நின்றுபோகும். கிராமத்துக்குத் திரும்பினால் குணமாகிவிடும்! ‘எடோ நோய்’ என்றே சொன்னார்கள். அன்றைய ஆட்சியாளரான ஷோகுன் டொகுகாவா இயெமோச்சி 1866இல் இருபது வயதில் இறந்ததும் இதே நோயால், அதாவது பெரிபெரியால் என்கிறார்கள். 1910இல் சுசுகி உமெடாரோ என்ற விஞ்ஞானி, நோயைத் தடுக்கும் பொருளைத் தவிட்டிலிருந்து பிரித்துக் காட்டினார். இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம். அரிசியைத் தீட்டி எறிந்த தவிட்டிலேயே மருந்து இருந்திருக்கிறது! இதில் ஆச்சரியம் என்னவென்றால், அதே தவிட்டை உப்புத் தண்ணீரில் பிசைந்து, புளிக்கவிட்டு, அதற்குள் வெள்ளரி, கேரட், கத்திரிக்காயைப் புதைத்து ஊறுகாய் போடும் ‘நுகாசுகே’ வழக்கம் அங்கே ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. தவிட்டின் பி1 காய்க்குள் இறங்கி, பச்சைக் காயில் இருப்பதைப்போலப் பல மடங்காகிவிடுகிறது. தவிட்டுப் படுக்கையைத் தினமும் அடிவரை வெறுங்கையால் கிளறிவிட வேண்டும், காற்றுப் படாமல் கிடந்தால் நெடி ஏறிவிடும். நன்றாகப் பராமரித்தால் தலைமுறை தாண்டி வாழும்.

அந்தப் படுக்கையைத் தோண்டினால் சில வீடுகளில் இரும்பு ஆணி கிடைக்கும்! தவறி விழுந்ததல்ல, கத்திரிக்காய்க்காகப் போட்டது. புளிப்பு ஏறினால் கத்திரித் தோலின் ஊதா வெளிறிவிடும். ஆணியின் இரும்பு அந்த நிறமியைப் பிடித்து நிறுத்துகிறது. கத்திரியின் நிறமி ‘நாசுனின்’. அதை ஆராய்ந்து பிரித்தவர் குரோடா சிகா. 1913இல் ஜப்பானிய இம்பீரியல் பல்கலைக்கழகம் ஒன்று முதன்முதலாகப் பெண்களுக்குக் கதவு திறந்தபோது உள்ளே போன மூவரில் ஒருவர், 1916இல் நாட்டிலேயே அறிவியல் பட்டம் பெற்ற முதல் பெண். செடிகளின் நிறங்களுக்கே வாழ்நாளைக் கொடுத்தார். சமையலறையில் பெண்கள் ஆணி போட்டுக் காப்பாற்றிய ஊதாவின் வேதியியலை ஒரு பெண்ணே எழுதினார் என்பது எனக்கு இந்தக் கதைகளிலேயே மிகப் பிடித்தது.

கத்திரிக்காயை வீட்டில் செய்ய இன்னும் சுலபமான வழி ‘அகெபிடாஷி’. பாதியாகப் பிளந்து, தோல் பக்கம் நெருக்கமாகச் சாய்கோடு கீறி, எண்ணெயில் பொரித்து, சூட்டோடு டாஷி, சோயா, துளி இஞ்சி கலந்த சாற்றில் போட்டுவிடுங்கள். சூடான எண்ணெயில் தோல் பக்கம் முதலில் பட்டால் ஊதா அப்படியே நிற்கும். பிரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்தால் கரைந்து போகும் ருசி!

‘இலையுதிர்காலக் கத்திரிக்காயை மருமகளுக்குக் கொடுக்காதே’ என்று ஜப்பானில் ஒரு பழமொழியே இருக்கிறது. அவ்வளவு ருசியானதை அவளுக்கு எதற்குக் கொடுப்பது என்ற மாமியாரின் பொறாமை என்கிறது ஒரு கட்சி. இல்லை, கத்திரி குளிர்ச்சி, பிள்ளை பெற வேண்டியவள் உடம்புக்கு ஆகாது என்ற அக்கறை என்கிறது இன்னொரு கட்சி. வாதம் இன்னும் ஓயவில்லை! அதே கத்திரிக்காய் புத்தாண்டின் முதல் கனவில் வந்தால் ஆண்டு முழுக்க அதிர்ஷ்டமாம். அந்த நல்ல சகுனப் பட்டியலில் முதலிடம் ஃபூஜி மலைக்கு, இரண்டாவது வல்லூறுக்கு, மூன்றாவது சாட்சாத் கத்திரிக்காய்க்கு!